நீங்கள் உருவாக்கிய போர்ட் கேம்: பதிப்பாளரிடம் கொடுக்கும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

தீபாவளி இரவு. சாப்பாடு முடிந்தாகிவிட்டது. பெரியவர்கள் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்க, பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஊனோ ஆடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார்: "இதைவிட நல்ல கேம் நாமே செய்யலாம்பா!"

பெரும்பாலும் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சிலருக்கு மட்டும் முடியாது. மறுநாள் காலையிலேயே அட்டையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்துவிடுவார்கள். நீங்கள் அந்த ரகம் என்றால், இது உங்களுக்குத்தான்.

முதலில் அந்த ஊனோவின் கதை. அதை உருவாக்கியவர் மெர்ல் ராபின்ஸ். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். 1971இல் குடும்பமாகச் சேர்ந்து 8,000 டாலர் திரட்டி 5,000 பெட்டிகளை அச்சிட்டார்கள். கடையில் வைத்தே விற்றார்கள். பிறகு உரிமையை ஒரு குழுவிடம் விற்றபோது அவர் கேட்டது 50,000 டாலர். அதோடு, விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் 10 காசு.

இன்னொருவர் எலிசபெத் மாகி. நிலத்தைச் சிலர் மட்டும் வளைத்துப்போட்டால் என்ன ஆகும் என்று காட்டுவதற்காக 'தி லேண்ட்லார்ட்ஸ் கேம்' என்ற விளையாட்டை உருவாக்கி, 1904இல் காப்புரிமை பெற்றார். அது கைமாறி, ஊர் மாறி, விதிகள் மாறி, கடைசியில் சார்ல்ஸ் டாரோ என்பவர் மூலம் 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. நமக்குத் தெரிந்த மொனோபொலி அதுதான். அதே நிறுவனம் மாகியின் காப்புரிமையையும் வாங்கியது. கொடுத்தது 500 டாலர். ராயல்டி கிடையாது. டாரோ பணக்காரர் ஆனார். பல ஆண்டுகளுக்குப் பெட்டியோடு சேர்த்துச் சொல்லப்பட்ட கதையும் டாரோவின் கதைதான்.

ராபின்ஸ், மாகி இருவரும் தங்கள் விளையாட்டை ஒரு நிறுவனத்திடம் கொடுத்தவர்கள்தான். பதிலுக்கு என்ன எழுதி வாங்கினார்கள் என்பதில்தான் இவ்வளவு தூரம் பிரிந்துபோனார்கள். இன்றைக்குச் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ உட்கார்ந்து விளையாட்டு வடிவமைக்கிற ஒருவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியதும் இதைத்தான்.

பதிப்பாளர் என்ன செய்வார்?

சினிமாத் தயாரிப்பாளரை நினைத்துக்கொள்ளுங்கள். படம் வரைய ஓவியரை அமர்த்துவது, விதிமுறைப் புத்தகத்தைத் திருத்துவது, அச்சிடுவது, கப்பலில் ஏற்றுவது, கடைகளுக்கு அனுப்புவது, விளம்பரம் செய்வது எல்லாம் அவர் செலவு. பெட்டிகள் கிடங்கில் தூசி படிந்தால் நட்டமும் அவருக்குத்தான். நீங்கள் கொடுப்பது விதிகளும், அவை ஓடுகிற விதமும்.

இந்த இருவருக்கும் நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. அவரைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. டெவலப்பர் என்பார்கள். கணினி நிரல் எழுதுபவர் அல்ல. வடிவமைப்பாளர் கொடுத்த விளையாட்டை மறுபடி மறுபடி ஆடிப் பார்த்து, எந்தச் சீட்டு மிக பலமாக இருக்கிறது, எந்த விதி யாருக்கும் புரியவில்லை, எங்கே ஆட்டம் இழுக்கிறது என்று கண்டுபிடித்துச் சீர் செய்பவர். 2008இல் வந்த டொமினியன் சீட்டு விளையாட்டின் வடிவமைப்பாளர் டொனால்ட் எக்ஸ். வக்காரினோ. ஆனால் பதிப்பாளருக்காக அதைச் செதுக்கியவர்கள் டேல் யூ, வேலரி புட்மன் என்ற இரண்டு டெவலப்பர்கள். மறு ஆண்டே அந்த விளையாட்டு ஜெர்மனியின் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருதை வென்றது. அந்த நாட்டில் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்குத் தரப்படும் விருது அது; பெட்டியில் அந்த முத்திரை இருந்தால் விற்பனையே வேற லெவல்.

சரி, என் ஐடியா சூப்பர். போதாதா?

போதாது. ஐடியாவை யாரும் வாங்குவதில்லை. ஆடிப் பார்த்த விளையாட்டைத்தான் வாங்குவார்கள்.

பாலிடெக்னிக்கில் படித்தபோது நானும் நண்பர்களும் ஒரு சீட்டு விளையாட்டு செய்தோம். காலை நேர எம்ஆர்டி ரயிலில் இருக்கை பிடிப்பதுதான் கதை. எங்களுக்குள் ஆடினால் வயிறு வலிக்கச் சிரிப்போம். ஒருநாள் வேறு துறையைச் சேர்ந்த நான்கு பேரிடம் கொடுத்தோம். விதியைச் சொல்லி முடிக்கவே 20 நிமிடம் ஆனது. ஆடத் தொடங்கிய பத்தாவது நிமிடம் ஒருவர் கைப்பேசியை எடுத்துவிட்டார். சிரிப்பெல்லாம் எங்கள் நட்பில் இருந்திருக்கிறது, சீட்டில் இல்லை. அந்தப் பெட்டி இன்னும் என் அம்மா வீட்டு அலமாரியில் கிடக்கிறது.

அதனால் முதல் மாதிரியை அழகாகச் செய்ய வேண்டாம். பழைய சீட்டுக்கட்டை எடுங்கள், பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், மேலே கையால் எழுதிய துண்டுத் தாளைச் செருகுங்கள். எண் தப்பாக இருந்தால் தாளை மட்டும் மாற்றினால் போதும். ஓவியத்துக்கு இப்போதே காசு செலவழித்தால், அந்தச் சீட்டைத் தூக்கிப்போட மனசு வராது. தூக்கிப்போட வேண்டிய சீட்டுகள்தான் அதிகம் இருக்கும்.

பிறகு சோதனை ஆட்டம். முதலில் நீங்கள் தனியாக, இரண்டு மூன்று ஆட்களின் கையை நீங்களே ஆடிப் பாருங்கள். அடுத்து நண்பர்கள். அடுத்து உங்களை அறியாதவர்கள். கடைசிக் கட்டம்தான் கொடுமை: விதிமுறைத் தாளை மேசையில் வைத்துவிட்டு, நீங்கள் வாயே திறக்காமல் ஓரமாக உட்கார வேண்டும். தப்பாக ஆடுவார்கள். "அய்யோ, அது அப்படி இல்ல!" என்று கத்தத் தோன்றும். கத்தக்கூடாது. கடையில் வாங்கியவர் வீட்டுக்கெல்லாம் நீங்கள் போய் உட்கார முடியாதே. எந்த இடத்தில் நின்றார்கள், எந்த வரியை இரண்டு தடவை படித்தார்கள், எப்போது கொட்டாவி விட்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். "நல்லா இருந்துச்சு" என்ற வார்த்தையை மட்டும் குறிப்பில் சேர்க்காதீர்கள். நம் ஊரில் அது மரியாதைக்குச் சொல்வது. "இன்னொரு ரவுண்ட் போடலாமா?" என்று அவர்களாகவே கேட்டால் அது வேறு.

கட்டான் விளையாட்டை உருவாக்கிய கிளாவுஸ் டொய்பர் பல் தொழில்நுட்பராக வேலை பார்த்தவர். வீட்டு நிலவறையில் விளையாட்டுகளைச் செய்து, குடும்பத்தாரை உட்காரவைத்து ஆடிப் பார்ப்பார். 1988, 1990, 1991 என்று மூன்று முறை அந்த ஜெர்மன் விருதை வாங்கிய பிறகும் பல் வேலையை விடவில்லை. 1995இல் வந்த கட்டான் நான்காவது விருது வாங்கிக் கொடுத்தது. அதன் பிறகு சில ஆண்டுகள் கழித்துத்தான் முழுநேர வடிவமைப்பாளர் ஆனார். இந்தத் துறையில் வருமானம் எப்படி என்பதற்கு இதைவிட நேர்மையான விவரம் எனக்குத் தெரியவில்லை.

பதிப்பாளரிடம் எப்படிக் காட்டுவது?

நேராக மின்னஞ்சலில் 30 பக்க விதிமுறையை அனுப்பாதீர்கள். ஒரே ஒரு பக்கம் போதும். எத்தனை பேர் ஆடலாம், எத்தனை வயது, எவ்வளவு நேரம், பெட்டிக்குள் என்னென்ன இருக்கும், மற்ற விளையாட்டுகளில் இல்லாத எது இதில் இருக்கிறது, இவ்வளவுதான். கூடவே மூன்று நான்கு நிமிடக் காணொளி ஒன்று இருந்தால் நல்லது.

அதற்கும் முன்னால் வேலை ஒன்று இருக்கிறது. அந்தப் பதிப்பாளர் இதுவரை வெளியிட்டதை ஆடிப் பாருங்கள். குழந்தைகள் விளையாட்டு மட்டும் போடுபவரிடம் மூன்று மணிநேரப் போர் விளையாட்டைக் கொண்டுபோனால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் ஷ்பீல் கண்காட்சிதான் இந்தத் தொழிலின் பெரிய சந்தை. வடிவமைப்பாளர்கள் முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு, அரை மணிநேரத்துக்கும் குறைவான சந்திப்புகளில் மாதிரியைக் காட்டுவார்கள். பிடித்தால் மாதிரியை எடுத்துப்போவார்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். பதில் பெரும்பாலும் 'வேண்டாம்' என்றுதான் இருக்கும். பார்க்கர் பிரதர்ஸ் மொனோபொலியையே முதலில் வேண்டாம் என்று சொன்ன நிறுவனம்.

'வேண்டாம்' என்பதிலும் சில நேரம் வேலை கிடைக்கும். 1991இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித மாணவர், ரோபோரேலி என்ற விளையாட்டை விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற சிறு நிறுவனத்திடம் கொண்டுபோனார். அதை அச்சிட எங்களிடம் பணமில்லை என்றார் நிறுவனத் தலைவர் பீட்டர் அட்கிசன். சின்னதாக, கையில் எடுத்துப்போக முடிகிறதாக, சீக்கிரம் முடிகிறதாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கார்ஃபீல்ட் போய்ச் செய்துகொண்டு வந்ததுதான் 1993இல் வெளிவந்த மேஜிக்: த கேதரிங். நிறுவனம் வளர்ந்த பிறகு, 1994இல் ரோபோரேலியும் வந்தது.

நம் பக்கத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூர் வடிவமைப்பாளர் டேரில் சௌவின் ஓவர்புக்டு 2018இல் ஐரோப்பியப் பதிப்பாளர் யும்போ மூலம் வந்தது. விமானத்தில் பயணிகளை இருக்கையில் அமர்த்துகிற விளையாட்டு. (எங்கள் எம்ஆர்டி ஐடியாவும் இருக்கைதான். அவர் அதை முடித்துக் காட்டினார்.) மறு ஆண்டு ஜப்பானின் சாஷி அண்ட் சாஷியோடு சேர்ந்து அவர் செய்த ரிமெம்பர் அவர் ட்ரிப் என்ற விளையாட்டில் கியோட்டோவும் இருக்கிறது, சிங்கப்பூரும் இருக்கிறது.

காட்டினால் திருடிவிட மாட்டார்களா?

எல்லாரும் கேட்கும் கேள்வி. சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். பதிப்புரிமை என்பது நீங்கள் எழுதிய விதிமுறை வாசகத்துக்கும் வரைந்த படத்துக்கும் உண்டு. சிங்கப்பூரில் அதற்குப் பதிவுகூடத் தேவையில்லை. படைத்தவுடன் உரிமை வந்துவிடும். மலேசியாவில் விரும்பினால் அறிவுசார் சொத்துக் கழகத்தில் அறிவித்து வைக்கலாம். ஆனால் விளையாட்டு ஓடுகிற முறை, அதாவது "சீட்டை எடு, கடத்து, புள்ளி எண்ணு" என்பது, பதிப்புரிமைக்குள் வராது.

பல்லாங்குழியை நினைத்துப் பாருங்கள். மலாய்க்காரர்கள் சொங்காக் என்பார்கள். ஒரு குழியில் இருப்பதை அள்ளி, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவது. அந்த நகர்வுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. புரூனோ கத்தாலா 2014இல் செய்த ஃபைவ் ட்ரைப்ஸ் என்ற விளையாட்டில் அதே வகை நகர்வு இருக்கிறது. குழிக்குப் பதில் பாலைவன நகரத்தின் கட்டங்கள். யாரும் அதைத் திருட்டு என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அப்படிப் பார்த்தால் நீங்களும் தாயத்தையோ பல்லாங்குழியையோ எடுத்துப் புதிதாக ஒன்றைச் செய்யலாம்.

இன்னொன்று, பதிப்பாளர்கள் பெரும்பாலும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டார்கள். ஒரே மாதிரி விளையாட்டுகள் அவர்களிடம் நிறைய வரும். யாருடையதை யாருடையது என்று பிரிப்பது? கையெழுத்து கேட்டு அடம்பிடித்தால் நீங்கள் புதியவர் என்று தெரிந்துவிடும், அவ்வளவுதான். என் கருத்தைச் சொல்கிறேன்: திருட்டைப் பற்றிய பயத்தில் யாரிடமும் காட்டாமல் வைத்திருந்து வீணாகிற விளையாட்டுகள்தான் அதிகம். தேதி போட்டு ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவையுங்கள். பயம் தேவைப்படுகிற இடம் ஒப்பந்தம். அதற்கு வருவோம்.

பிடித்துவிட்டது என்கிறார்கள். இனி?

இனிமேல் உங்கள் விளையாட்டை வேறு ஒருவர் தொடுவார். இதற்குத் தயாராக இருங்கள்.

முதலில் தொழிற்சாலைக் கணக்கு வரும். பல அச்சாலைகளில் ஒரு பெரிய தாளில் 54 அல்லது 55 சீட்டுகள் அடங்கும். பழைய ஊனோ கட்டில் ஏன் 108 சீட்டுகள் என்று யோசித்திருக்கிறீர்களா? 54ஐ இரண்டால் பெருக்கிப் பாருங்கள். உங்கள் விளையாட்டில் 60 சீட்டுகள் இருந்தால், "ஆறைக் குறைக்க முடியுமா?" என்று கேட்பார்கள். அந்த ஆறு சீட்டுக்காக இரண்டாவது தாளைத் தொட வேண்டியிருக்குமே.

அடுத்து வயது. நிறையப் பெட்டிகளில் 14 வயதுக்கு மேல் என்று இருக்கும். உள்ளே பார்த்தால் பத்து வயதுப் பிள்ளை ஆடக்கூடியதாக இருக்கும். காரணம், ஐரோப்பிய விதிகளின்படி 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கானது என்றால் பொம்மைப் பாதுகாப்புச் சோதனை தேவை. அதற்குச் செலவு. நிறங்களை மட்டும் வைத்துக் காய்களைப் பிரித்திருந்தால், நிறக்குருடு உள்ளவர்களுக்காக ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சின்னம் சேர்க்கச் சொல்வார்கள். இதெல்லாம் நியாயமான கேள்விகள்.

மனசு வலிக்கிற கேள்விகளும் வரும். "காப்பிக்கடைக் கதை வெளிநாட்டில் புரியாது, விண்வெளியாக மாற்றலாமா?" கதைக்களத்தையே மாற்றுவது இந்தத் தொழிலில் சாதாரணம். ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஆனால் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள்: எதையெல்லாம் என்னைக் கேட்காமல் மாற்றுவீர்கள்?

எதிர்ப்பக்கமும் உண்டு. பறவைகளைப் பார்க்கப் பிடிக்கும் எலிசபெத் ஹார்கிரேவ் சுகாதாரக் கொள்கை ஆய்வாளராக இருந்தவர். பறவைகளைப் பற்றிய விவரங்களை எக்செல் அட்டவணையில் போட்டு விங்ஸ்பான் விளையாட்டை வடிவமைத்தார். ஸ்டோன்மையர் நிறுவனம் 2019இல் வெளியிட்டது. 170 பறவைச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் தனி ஓவியம், கையில் எடுத்தால் வைக்க மனம் வராத குட்டி முட்டைகள், பகடையை உருட்ட பறவைத் தீனிப்பெட்டி வடிவில் ஒரு அட்டைக் கோபுரம். வீட்டு மேசையில் செய்த மாதிரியில் இதெல்லாம் சாத்தியமே இல்லை. யாராவது பணம் போட வேண்டும். பறவைகள் பற்றிய விளையாட்டை யார் வாங்குவார்கள் என்று அந்தக் கதைக்களத்தை மாற்றியிருந்தால்? நல்லவேளை, மாற்றவில்லை. அதே ஆண்டு, அனுபவமுள்ள ஆட்டக்காரர்களுக்கான ஜெர்மன் விருது அதற்குக் கிடைத்தது.

காசு எவ்வளவு வரும்?

பொதுவாக 5 முதல் 8 விழுக்காடு ராயல்டி பேசப்படும். கேட்க நன்றாக இருக்கிறது. எதில் 8 விழுக்காடு என்பதுதான் கேள்வி.

ஒரு எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். கடையில் உங்கள் விளையாட்டு 50 வெள்ளி. பதிப்பாளர் அதை விநியோகிப்பாளரிடம் 20 வெள்ளிக்குக் கொடுக்கிறார். அந்த 20 வெள்ளியில் 6 விழுக்காடு என்றால் பெட்டிக்கு 1 வெள்ளி 20 காசு. முதல் அச்சில் 3,000 பெட்டிகளும் விற்றுத் தீர்ந்தால் உங்களுக்கு 3,600 வெள்ளி. அதே 6 விழுக்காட்டைக் கடை விலையில் கணக்கிட்டால் 9,000 வெள்ளி. ஒப்பந்தத்தில் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். பெரும்பாலான பதிப்பாளர்கள் முதல் கணக்கைத்தான் ஒத்துக்கொள்வார்கள். அதில் தவறில்லை, தெரியாமல் கையெழுத்திடுவதுதான் தவறு. முன்பணம் தந்தால் அது இனாம் அல்ல, வரப்போகும் ராயல்டியில் கழித்துக்கொள்வார்கள்.

"அப்போ நானே அச்சிட்டா?" செய்யலாம். 2014இல் சிங்கப்பூர்த் தம்பதி ஒருவர் தங்கள் சொந்த நிறுவனத்தின் மூலம் த்ரீ கிங்டம்ஸ் ரீடக்ஸ் விளையாட்டை வெளியிட்டார்கள். எக்ஸ்ப்ளோடிங் கிட்டன்ஸ் 2015இல் கிக்ஸ்டார்ட்டரில் 87 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. ஆனால் அப்போது பதிப்பாளர் வேலை முழுவதும் உங்கள் தலையில். ஆயிரம் பெட்டிகள் வந்து இறங்கினால் உங்கள் வீட்டில் எங்கே வைப்பீர்கள் என்று இப்போதே அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் எதைத் தேட வேண்டும்?

பெயர். இன்றைக்குப் பெட்டியின் முகப்பில் வடிவமைப்பாளர் பெயர் இருப்பது இயல்பாகத் தெரிகிறது. ஒரு காலத்தில் அப்படி இல்லை. 1988இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியில் 13 வடிவமைப்பாளர்கள் கூடி, தங்கள் பெயர் பெட்டியின் மேல் இல்லாவிட்டால் எந்தப் பதிப்பாளருக்கும் விளையாட்டைக் கொடுப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். எழுதியது எதில் தெரியுமா? பீர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையில். மூன்று ஆண்டுகளில், 1991இல், அவர்களுக்கென்று ஒரு சங்கமே உருவானது. அதனால் பெயர் எங்கே, எவ்வளவு பெரிதாக வரும் என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

உரிமை எதற்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். இந்தப் பெட்டிக்கு மட்டுமா? பிற மொழிப் பதிப்புகள், செயலி வடிவம், கூடுதல் சீட்டுத் தொகுப்புகள், சட்டையில் போடும் படம்? ஒவ்வொன்றுக்கும் உங்கள் பங்கு என்ன என்று தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். கூடுதல் தொகுப்பை வேறு ஒருவரை வைத்துச் செய்யலாமா என்பதும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், உரிமை உங்களிடம் திரும்பி வரும் வாசகம். கையெழுத்தாகி, சொன்ன காலத்துக்குள் அச்சிடாவிட்டால்? அச்சிட்டு, விற்றுத் தீர்ந்து, மறு அச்சே போடாவிட்டால்? நிறுவனமே மூடிவிட்டால்? தேதி எழுதாத ஒப்பந்தத்தில் உங்கள் விளையாட்டு யாருக்கும் பயன்படாமல் அவர்கள் அலமாரியில் கிடக்கும். வேறு யாரிடமும் உங்களால் கொடுக்கவும் முடியாது. வழக்கமாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு என்று ஒரு கெடு பேசுவார்கள். "பார்த்துக்கலாம், நம்புங்க" என்று வாயால் சொன்னால், "நம்புறேன், அப்படியே எழுதிடுங்க" என்று சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

ஆங்கிலத்தில் எட்டுப் பக்கம் வரும் ஒப்பந்தத்தை வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை காட்டச் செலவாகும். அது முதல் ஆண்டு ராயல்டியில் பாதியைக்கூட விழுங்கலாம். பரவாயில்லை, காட்டுங்கள். கணக்கு அறிக்கை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரும் என்பதையும் அவரிடம் கேட்டு, அந்தத் தேதிகளைக் கைப்பேசி நாட்காட்டியில் இப்போதே போட்டுவையுங்கள். உரிமை திரும்பும் தேதியையும் சேர்த்து.